இன்னும் அறுபத்தொன்று

ஜனவரி ஒன்பது, காலை ஆறு மணி.
வெந்நீர்க் கொதிகலன் செத்துப்போனது.
டுலூத்தில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
நிலவறையில் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி
முதலில் நான் நினைத்தது,
வெட்கத்தோடுதான் சொல்கிறேன்,
புது கார்டு வாங்க நல்ல நேரம்.

மூன்று மாதத்தில் மூவாயிரம் செலவழித்தால்
வங்கி ஐந்நூறு தரும்.
அதே கொதிகலனை
கேஷ்பேக் தளத்தின் வாசல்வழி போய் வாங்கினால்
நூற்றுக்கு நான்கு தனியாகத் திரும்பும்.
அந்தக் கைக்கு இந்தக் கை தெரியாது.
ஆடிக் கறக்கிற மாட்டை ஆடி,
பாடிக் கறக்கிற மாட்டைப் பாடி,
சொம்பு என்னவோ ஒன்றுதான்.

விளம்பரத் தடுப்பானை அணை.
குக்கீகளைத் துடை.
நடுவில் வேறு ஜன்னல் திறக்காதே.
நியமம் தவறினால் பலன் இல்லை.
ஒருமுறை ஓரின்
சோபா வாங்கும் நேரத்தில்
கூப்பன் தேடி எங்கோ எட்டிப் பார்த்துவிட்டான்.
எழுபத்திரண்டு டாலர் கேஷ்பேக் காற்றோடு போனது.
இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை.
அந்த சோபாவில் உட்காரவும் இல்லை.

பதினோரு வருடம் இதைச் சேர்ந்தே செய்தோம்.
அவன் முதல் ஆட்டக்காரன், நான் இரண்டாவது.
அவன் அழைத்து நான் சேர்ந்தால் அவனுக்கு நூறு,
நான் அழைத்து அவன் சேர்ந்தால் எனக்கு.
ஞாயிறு காலை,
பான்கேக் பாகு விசைப்பலகையில் ஒட்ட ஒட்ட
விரிதாளில் வரிகள் சேர்ப்போம்,
முத்தங்களைவிட ஒழுங்காக.

விவாகரத்தில்
வீட்டைப் பிரித்தார்கள், படகைப் பிரித்தார்கள்.
பிக்கிள் அவனோடு காரில் ஏறியது,
பின்கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டு.
விரிதாளைப் பற்றி
எந்த வக்கீலும் கேட்கவில்லை.
அது இருவருக்கும் இன்னும் திறந்தே கிடக்கிறது,
பற்று ஒரு பத்தி, வரவு ஒரு பத்தி.

ஈரக் காலோடு அதில்தான் எழுதினேன்:
கொதிகலன். 1140. கார்டு வேண்டும்.
பத்தே நிமிடம்.
பக்கத்துக் கட்டத்தில் அவன் அழைப்பு லிங்க்.
வணக்கம் இல்லை, நலமா இல்லை.
அழுத்தினேன்.
அவனுக்கு நூறு.

பிறகு தொண்ணூறு நாள் கணக்கு.
பேருந்து நிலையத்தில் என் ஷிப்டுகளுக்கு நடுவே
கார் காப்பீட்டை ஆறு மாதத்துக்கு முன்கூட்டிக் கட்டினேன்.
டயர் நான்கு. கண்ணாடி ஒன்று.
அக்கம்பக்கத்து மளிகைக்குக்கூட என் கார்டை நீட்டி
ரொக்கமாகத் திரும்ப வாங்கினேன்.
கொதிகலனின் நாற்பத்தைந்து டாலர் அறுபது காசு மட்டும்
"நிலுவையில்" என்று
மஞ்சளாய் மினுங்கிக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் ஏழு. இரண்டு நாள் பாக்கி.
இன்னும் அறுபத்தொரு டாலர்.
எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.
தேவையில்லாததை வாங்கினால்
வங்கி ஜெயித்தது என்று அர்த்தம்;
இது நாங்கள் போட்ட முதல் விதி.

விரிதாளை மேலும் கீழும் உருட்டினேன்.
அவன் பக்கத்தில் ஒரு வரி:
பிக்கிள், பல் பிடுங்கியது, 385.

கால்நடை மருத்துவமனை மேட்டின் உச்சியில்.
கவுன்டரில் ஜோலீன்
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஓரின் காலையிலேயே வந்துட்டுப் போனார்.
புது கார்டு போல.
முந்நூற்று இருபத்து நாலு மட்டும் கட்டினார்.
மீதிய அப்படியே விடச் சொன்னார்,
ஆள் வருவாங்கன்னு."

மீதி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
இயந்திரத்தில் கார்டைச் செருகினேன்.

வெளியே ஏரியில் பனி விட்டிருந்தது.
இரும்புத்தாது ஏற்ற வந்த முதல் கப்பல்
தூக்குப்பாலத்தைப் பார்த்து
நீளமாய் ஒருமுறை, குட்டையாய் இருமுறை
ஊதிவிட்டு நின்றது.
பாலம் திருப்பி ஊதியது.

வீட்டுக்கு வந்து,
கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதினேன்:
பிக்கிள், பல், 61.
எந்தப் பத்தியில் என்று
கொஞ்ச நேரம் விளங்கவில்லை.
பற்றில் எழுதினேன்.